டுப்புவின் குரல்

கடைசி வரிசையில் ஓரத்து இருக்கைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தாள் தமயந்தி. ஓரம் என்றால் ஒரு பக்கம் சுவர், சுவர் யாரிடமும் போய்ச் சொல்லாது, மறுபக்கத்து இருக்கை காலி, அதில் கைப்பையை வைத்துக்கொண்டாயிற்று, ஐம்பத்தெட்டு வயதுக்காரி ஒருத்தி துணைக்கு ஒரு குழந்தைகூட இல்லாமல் மே மாதத்துப் பதினொரு மணி ஆட்டத்துக்குப் பொம்மைப் படம் பார்க்க வந்திருக்கிறாளே என்று வாசலில் டிக்கெட் பார்த்த பெண் ஏற இறங்கப் பார்த்தாள், பார்க்கட்டும், இந்தப் படத்தில் வருகிற நீர்நாய்க் குட்டிக்கு இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் தமிழ் பேசியவள் நான்தான் என்று சொன்னால் அவள் நம்பவா போகிறாள், நம்பினாலும் அப்படியென்றால் இப்போது ஏன் நீங்கள் பேசவில்லை என்று கேட்டுவிட்டால் என்ன பதில் சொல்வது. அந்தப் பதிலைத் தேடித்தானே வந்திருக்கிறாள். படத்தைப் புதுப்பித்து, கலரையெல்லாம் துலக்கி, தமிழை மறுபடி பேசவைத்து வெளியிட்டிருக்கிறார்கள், நாரைக்கு அன்றைக்குப் பேசிய அதே பிலோமினாதான் இன்றைக்கும் பேசியிருக்கிறாள், நீர்நாய்க்கு மட்டும் நிலானி என்று யாரோ ஒரு பெண், இருபத்திரண்டு வயசாம். இருக்கட்டும், நல்ல பெயர்தான். ஏசி நேராகத் தலையில் இறங்கியது, முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டாள், கழுத்தில் கீழே ஒரு விரல் நீளத்துக்கு இருக்கிற தழும்பை மூடிக்கொள்வது இந்த ஆறு மாதத்தில் கைக்குத் தானாக வந்துவிட்ட பழக்கம்.

விளக்கு அணைந்தது, குழந்தைகள் ஓவென்று கத்தின, திரையில் பனி உருகி ஆறு ஓடத் தொடங்கியது, இந்த ஆறு மறக்குமா, எந்த நாட்டு ஆறு என்று அவளுக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது, படம் எடுத்தவர்கள் பெயரெல்லாம் வாயில் நுழையாத பெயர், வசனம் எழுதிய ஆறுமுகம் சார்தான் நீர்நாய்க்கு டுப்பு என்றும் நாரைக்கு நெட்டச்சி என்றும் பெயர் வைத்தார். கதை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை, ஆற்றங்கரையில் ஒரு சோம்பேறி நீர்நாயும் ஒரு வாயாடி நாரையும் சிநேகமாகின்றன, ஒரே மீனுக்குச் சண்டை போடுகின்றன, குளிர்காலம் வந்ததும் நாரை தெற்கே பறந்து போயாக வேண்டும், அவ்வளவுதான், தெற்கே என்றால் நம்ம வேடந்தாங்கலுக்குத்தான் வரப்போகுது பாருடி என்று பிலோ அன்றைக்கு மைக் முன்னாலேயே சொல்லிச் சிரித்து ஒரு டேக் வீணாகிப் போயிற்று. அந்தக் காலத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மைக், இரண்டு பேர் பேசுகிற காட்சி என்றால் இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்க வேண்டும், ஒருத்தி பேசி முடித்துப் பின்வாங்கினால்தான் அடுத்தவள் முன்னே வர முடியும், அவள் மூச்சு இவள் கன்னத்தில் படும், பிலோ மதியம் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டு வந்தால் சாயங்காலம் வரை டுப்புவுக்கும் கருவாட்டு வாசனைதான். இப்போது அப்படியில்லை, ஆளுக்கொரு நாள் வரச்சொல்லி, தனித்தனியாகப் பேசவைத்து, கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொள்கிறார்கள். நெட்டச்சி எந்தக் கிழமையில் பேசினாளோ, டுப்பு எந்தக் கிழமையில் பதில் சொன்னதோ. இதோ டுப்பு தண்ணீரிலிருந்து தலையைத் தூக்குகிறது, இதோ வாயைத் திறக்கிறது, "யாரது என் ஆத்துல?" தமயந்தியின் தொண்டை தானாக அசைந்தது, குரல் மட்டும் வேறு எங்கிருந்தோ வந்தது.

நல்ல குரல்தான், அதைச் சொல்லாமல் இருக்க முடியுமா, முப்பது வருஷம் இந்தத் தொழிலில் காதைத் தீட்டி வைத்திருப்பவளுக்கு நல்லது நல்லது என்றுதானே கேட்கும். ஆனால் இது பிள்ளையைப் பெற்றவள் கண் முன்னால் இன்னொருத்தி அதற்குச் சோறு ஊட்டுகிற கதையாக இருக்கிறதே. இந்தத் திங்கட்கிழமை வேறொரு சீரியல் விஷயமாக, இந்தப் படத்தைத் தமிழ் பேசவைத்த கம்பெனியில் குரல் கொடுக்க ஆள் கூப்பிடுகிற வேலை பார்க்கும் ரகோத்தமனுக்குப் போன் போட்டது அவளேதான், போடாமல் இருந்திருக்கலாம். "அம்மா, எப்படி இருக்கீங்க, டுப்புவுக்கு உங்களைத்தாம்மா முதல்ல கேக்கலாம்னு இருந்தோம், பிலோமினாம்மாதான் உங்களுக்குத் தொண்டை போயிடுச்சு, இனிமே வராது, கூப்ட்டு சங்கடப்படுத்தாதீங்கன்னு சொன்னாங்க, ரெஸ்ட் எடுங்கம்மா" என்றான், பாவம், நல்லது சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னான். எப்போது சொன்னாள் என்று கேட்டதற்கு மார்ச் மாசம் என்றான். மார்ச் மாதத்தில் நாலு ஞாயிற்றுக்கிழமையா, ஐந்தா, ஐந்து, அந்த ஐந்திலும் பிலோ வீட்டுக்கு வந்தாள், தூத்துக்குடி மக்ரூன் பொட்டலத்தோடு வந்தாள், சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு ஆரம்பிடி என்றாள், இவள் குரலைப் பழக்க டுப்புவாகப் பேச, அவள் நெட்டச்சியாகப் பேச, ஒரு மணி நேரம் முடிந்ததும் "அப்படியே இருக்குடி தமா, ஒரு நூல்கூட மாறல" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஜனவரியிலிருந்து போன வாரம் வரை ஒரு ஞாயிறுகூடத் தப்பாமல் அதையே சொன்னாள். என்னிடம் அப்படியே இருக்கிறது என்றாள், அவனிடம் போய்விட்டது என்றாள். இரண்டு பேரில் ஒருவரிடம் பொய் சொல்லியிருக்கிறாள். யாரிடம்?

ரகோத்தமனிடம்தான். அப்படித்தான் இருக்க வேண்டும், திங்கட்கிழமையிலிருந்து ஐந்து நாளாக அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இவள் மனதுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பொறாமை, வேறென்ன, அந்தக் காலத்தில் கடிதம் எழுதிய குழந்தைகளெல்லாம் டுப்பு டுப்பு என்றுதானே எழுதினார்கள், நெட்டச்சிக்கு இரண்டு கடிதம் வந்திருந்தால் அதிகம், அதிலும் ஒன்று பிலோவின் அக்கா மகன் எழுதியது, அதைச் சொல்லிச் சொல்லி அவளே சிரிப்பாள், சிரித்தால் வலிக்கவில்லை என்று அர்த்தமா, இருபத்தெட்டு வருஷம் உள்ளேயே வைத்திருந்து நேரம் பார்த்துக் கவிழ்த்துவிட்டாள். பாவி. கூடவே இருந்து குழி பறித்துவிட்டாள். இப்படித் திட்டும்போது நெஞ்சு கொஞ்சம் லேசாகிறது, இன்னும் திட்டலாம் போலிருக்கிறது, திருடி, நடிப்புக்காரி, மக்ரூன்காரி. ஆனால் அந்தக் கண்ணை என்ன செய்வது. டுப்பு பேச ஆரம்பித்ததும் பிலோ கண்ணை மூடிக்கொள்வாள், ரசித்துக் கேட்கிறாள் என்றுதான் இவள் நினைத்தாள், கண்ணைத் திறக்கும்போது இமையோரம் ஈரமாக இருந்தால் பழைய ஞாபகத்தில் உருகுகிறாள் என்று நினைத்தாள். பிப்ரவரியில் ஒரு நாள் நான் பேசுவதை போனில் பதிந்து கேட்டுப் பார்க்கட்டுமா என்று இவள் கேட்டபோது எவ்வளவு அவசரமாகப் போனைப் பிடுங்கி வைத்தாள், "போன்ல கேட்டா யாரு குரலும் நாராசமாத்தான் இருக்கும், அதை வேற கேட்டு மனசைக் கெடுத்துக்காத" என்றாள். அது ஏன். அந்த அவசரம் ஏன். வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே, திருடி என்பதோடு நிற்கலாம்.

திரையில் இரண்டும் ஒரே மீனின் தலையையும் வாலையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன, முன்வரிசையில் ஒரு குட்டி எழுந்து நின்று "விடாத டுப்பு" என்று கத்தியது. தைராய்டு கட்டியை எடுத்தது போன நவம்பரில், எடுக்காமல் விட்டால் ஆபத்து என்றார்கள், குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, தொட்டால் குரல் கொஞ்சம் மாறலாம், ஆறு மாதம் பொறுத்துப் பாருங்கள், ஆறு மாதத்தில் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுதான் என்று டாக்டர் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார். ஆறு மாதம் இந்த வாரத்தோடு முடிகிறது. தண்ணீர் கேன் போடுகிற கடைக்குப் போன் செய்தால் சொல்லுங்க சார் என்கிறான், சார் என்கிறானே என்று வீட்டில் சொன்னால் கணவர் சபாபதி உனக்கென்ன, உன் குரல் எனக்கு எப்பவும் போலத்தான் கேக்குது என்பார், மின்வாரியத்தில் ஜெனரேட்டர் பக்கத்தில் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்து வந்த காது, அவருக்குக் கேட்டால்தானே. ஆக, காது உள்ள சாட்சி பிலோ ஒருத்திதான். வெளியே யாருக்கும் ஆபரேஷன் விஷயமே தெரியாது, தெரிந்தால் தொழிலில் பெயர் அடிபட்டுவிடும், அந்தம்மாவுக்குக் குரல் போச்சு என்று ஒருத்தர் சொன்னால் போதும், சினிமாக்காரர்கள் நிறைந்த சாலிகிராமம் முழுக்க மத்தியானத்துக்குள் பரவிவிடும், அதனால் ஆஸ்பத்திரிக்குக்கூட பிலோதான் துணைக்கு வந்தாள், யாரிடமும் மூச்சு விடாதே என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியது கட்டிலில் படுத்துக்கொண்டே. சத்தியம் வாங்கிய கை இன்னும் சூடாக இருக்கும்போதே போய்ச் சொல்லிவிட்டாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் போகிறான் என்று விட்டிருப்பாள்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தக் காட்சி வந்துவிடும். அதற்காகத்தான் கடைசி வரிசை, அதற்காகத்தான் ஓரம். நாரை கிளம்புவதற்கு முதல் நாள் இரண்டும் உறைந்துபோன ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருக்கும், நமக்கு முதுகுதான் தெரியும், நாற்பது விநாடி, அசல் படத்தில் அங்கே வெறும் இசைதான், ஆறுமுகம் சாரும் வசனத் தாளில் 'பேச்சில்லை' என்றுதான் எழுதியிருந்தார். அன்றைக்கு அந்தத் துண்டு ஓடிக்கொண்டிருந்தபோது இரண்டு பேரும் மைக்கிலிருந்து நகராமல் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிலோவுக்குத் தூத்துக்குடியில் மாப்பிள்ளை அமைந்து அடுத்த மாதம் கல்யாணம், கல்யாணம் முடிந்தால் அங்கேயே குடித்தனம், அதைப்பற்றி இரண்டு வாரமாக இரண்டு பேருமே பேசாமல் தப்பித்துக்கொண்டிருந்தார்கள், திரையில் அந்த இரண்டு முதுகையும் பார்த்ததும் தமயந்திக்கு என்ன ஆயிற்றோ, டுப்புவின் குரல் இன்னும் தொண்டையிலேயே உட்கார்ந்திருந்தது, அந்தக் குரலிலேயே, "நீ போயிட்டா நான் யாருகிட்ட கோவிச்சுக்கறது?" என்று கேட்டுவிட்டாள். கோவிச்சுக்கறது என்பதற்கு முன்னால் ஒரு விம்மல் எழும்பி, அதை விழுங்கி, விழுங்கிய இடத்தில் சொல் கொஞ்சம் வழுக்கி வந்தது. பிலோ மூக்கை உறிஞ்சினாள். டேப் ஓடிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த டப்பிங் டைரக்டர் திரும்பப் போட்டுக் கேட்டுவிட்டு, முதுகுதானேம்மா தெரியுது, வாயா தெரியுது, இருக்கட்டும் என்று அப்படியே வைத்துவிட்டார். டிவியில் ஞாயிற்றுக்கிழமை அது போனபோது தமிழ் பேசுகிற பிள்ளைகள் மட்டும்தான் அந்த இடத்தில் அழுதிருப்பார்கள், வேறெந்த நாட்டுப் பிள்ளைக்கும் அந்த வார்த்தை கிடையாது. பிலோ போனாள், நாலு வருஷத்தில் புருஷனுக்கு இங்கேயே வேலை கிடைத்துத் திரும்பியும் வந்தாள், சிநேகத்தில் ஒரு தையல்கூட விடவில்லை. பழைய டேப்பெல்லாம் வெள்ளத்தில் கோடவுனோடு நனைந்து போயிற்று. ஒரு கேசட்கூட யாரிடமும் இல்லை, அதனால்தான் மறுபடி பேசவைத்தார்கள்.

இந்த முறை அங்கே வெறும் இசைதான் வரும், ஆறுமுகம் சாரும் இல்லை, டைரக்டரும் இல்லை, அந்த வரி யாருக்குத் தெரியும், இசைக்கு நடுவே இவள் தன் பாட்டுக்கு டுப்புவாக அதைச் சொல்லிப் பார்க்கப் போகிறாள், ஞாயிற்றுக்கிழமை பிலோ முன்னால் பேசியதுபோல அரைக் குரலில் குழைந்து அல்ல, முழுக் குரலில், ஸ்டூடியோவில் சொல்வதுபோல. வந்துவிட்டால் பிலோ திருடி. வந்துவிட வேண்டும். கடவுளே, அவள் திருடியாகவே இருக்கட்டும், இருபத்தெட்டு வருஷ சிநேகம் போனால் போகட்டும். ஆறு உறைந்தது. இரண்டு முதுகுகள், ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. வயலின் மெதுவாக ஏறியது, அரங்கத்தில் பாப்கார்ன் மெல்லுகிற சத்தம்கூட நின்றது, தமயந்தி முந்தானையைக் கழுத்திலிருந்து எடுத்தாள், மூச்சை அடிவயிற்றில் பிடித்தாள், வாயைத் திறந்தாள், நீ என்பது காற்றாக வந்தது, போயிட்டா என்பது இரண்டாகப் பிளந்து கீழே ஒரு கரகரப்பும் மேலே ஒரு கீச்சும், நான் என்பது வரவே இல்லை, வரவழைக்கக் கழுத்து நரம்பு புடைக்க ஒரு தள்ளுத் தள்ளினாள், ஏதோ ஒரு சத்தம் வந்தது. அவளுக்கு நேர் முந்தின வரிசையில் குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு பெண் பதறித் திரும்பினாள். "என்னாச்சு ஆன்ட்டி, பொரை ஏறிடுச்சா? இந்தாங்க, தண்ணி குடிங்க." பாட்டிலின் மூடியைத் திறந்தே நீட்டினாள், முகத்தில் அவ்வளவு அக்கறை. தமயந்தி வாங்கிக் குடித்தாள், வேறென்ன செய்வது, இரண்டு மடக்குக் குடித்துவிட்டுத் தலையை ஆட்டி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள்.

அப்போதுதான் திரையிலிருந்து அது வந்தது. "நீ போயிட்டா நான் யாருகிட்ட..." அந்தப் பெண் நிலானியின் குரல், ஒரு நிறுத்தம், ஒரு விம்மல், அதை விழுங்குகிற சத்தம், "கோவிச்சுக்கறது?" சொல் அதே இடத்தில் அதே அளவுக்கு வழுக்கியது. டேப் இல்லை, தாளில் இல்லை, எங்கே விழுங்கி எங்கே வழுக்கியது என்று உலகத்தில் இன்றைக்கு இரண்டே பேருக்குத் தெரிந்த விம்மல், அதில் ஒருத்தி இங்கே கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். பிலோ அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள், இங்கே அடக்கணும்மா, இங்கே விழுங்கணும்மா, இப்போ வழுக்கி விடு என்று, எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாளோ, என் அழுகையை எடுத்து அளவு பார்த்து இன்னொருத்திக்குப் பொருத்தி விட்டிருக்கிறாள். அரங்கத்தில் நாலைந்து குழந்தைகள் தேம்பின, தண்ணீர் கொடுத்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் திருடியாகவும் இல்லை, ரகோத்தமனிடம் அவள் சொன்னது அத்தனையும் உண்மை, பொய் எனக்குத்தான், ஜனவரியிலிருந்து வாராவாரம் எனக்கு மட்டும். திருடியாக இருந்திருந்தால் குரலாவது மிச்சமிருக்கும். படம் முடிவதற்குள் கைப்பையை எடுத்துக்கொண்டு சுவரைத் தடவித் தடவி வெளியே வந்தாள், வெளிச்சம் கண்ணைக் குத்தியது, ஐஸ்கிரீம் கடை, தானாக நகருகிற படிக்கட்டு, எல்லாவற்றையும் தாண்டி வெயிலுக்கு வந்து நின்று போனை எடுத்து பிலோவைக் கூப்பிட்டாள்.

"சொல்லுடி தமா, எங்க இருக்க, ஒரே வண்டிச் சத்தமா இருக்கு?"

"படம் பாத்தேன்." காற்றாகத்தான் வந்தது, திருத்த முயலவில்லை.

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது நின்றது.

"எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

"முதல் ஞாயித்துக்கிழமையே. நீ அந்த ஒரு மணி நேரம் எவ்ளோ சந்தோஷமா இருந்த தெரியுமா. ஒவ்வொரு வாரமும் இன்னிக்கு சொல்லிடணும்னுதான் வருவேன். உன் மூஞ்சியப் பாத்தா வாய் வரல தமா."

"அவன்கிட்ட சொல்ல மட்டும் வாய் வந்துச்சா?"

"அவன் உன்னைக் கூப்ட்டு, மைக் முன்னால நிக்க வெச்சு, நாலு பசங்க முன்னாடி..." பிலோவின் குரல் உடைந்தது, உடைந்தபோதுகூட எவ்வளவு சுத்தமாக உடைந்தது. "அதை என்னால பாக்க முடியாதுடி."

"என்னோட அழுகைய எதுக்குக் குடுத்த?"

"நான் போயிட்டா அது யாருக்குமே தெரியாமப் போயிடுமே. உங்கிட்ட கேட்டிருக்கணும். கேட்டா குரலைப் பத்தியும் சொல்ல வேண்டி வந்திருக்கும்."

நியாயமாகத்தான் இருக்கிறது, அவள் சொல்வது எல்லாமே எப்போதும் நியாயமாகத்தான் இருக்கும், அதுதான் தாங்கவில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்து, கம்பெனிக்குத் தெரிந்து, முகம் பார்க்காத ஒரு இருபத்திரண்டு வயசுப் பெண்ணுக்கும் தெரிந்து, கடைசியாக எனக்குத் தெரிகிறது என் தொண்டையைப் பற்றி, அதுவும் ஒரு தண்ணீர் பாட்டில் சொல்லித் தெரிகிறது. "ஞாயித்துக்கிழமை வராத, பிலோ."

"இந்த வாரமா?"

"தெரியல." போனை வைத்தாள்.

ஆட்டோ ஒன்று தானாக வந்து நின்றது. எங்கம்மா போகணும் என்று கேட்டான். சாலிகிராமம் என்றாள். லாரி ஒன்று கடந்து போன சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை, என்னம்மா என்றான். தொண்டையைக் கனைத்து, கழுத்தைப் பிடித்து, குரலைத் திரட்டி, நேற்று வரை செய்த எல்லாவற்றையும் செய்யக் கை தூக்கியவள் கையை இறக்கினாள், ஒரு அடி முன்னே போய் அவன் காதுப்பக்கம் குனிந்து, இருக்கிற காற்றிலேயே சாலிகிராமம் என்று மறுபடி சொன்னாள்.

"உள்ள ஏறுங்கம்மா" என்றான் அவன்.